ஐந்து எண்களும் கோம்பை வரனும்

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆடி முடிந்த கையோடு ஒரு மாத லீவு போட்டுவிட்டு ஓடைப்பட்டிக்கு வந்தேன். தங்கச்சிக்குக் கோம்பையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவன் நான். அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்குத் திராட்சைப் பந்தலை விட்டால் வேறு உலகம் தெரியாது. "நீ படிச்சவன், நாலு எடம் பாத்தவன். நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு, கொடிக்கு மருந்தடிக்க மயில்துத்தம் கரைக்கப் போய்விட்டார்.

தங்கச்சிக்கு இருபத்தாறு வயது. ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்தவனும் நான்தான். முதல் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள், அதனால் சந்தேகம். இரண்டாவது வீட்டார் அவசரமே படவில்லை, அதனாலும் சந்தேகம். இந்த மூன்றாவதும் போனால் இனி ரெண்டாந்தாரமாகத்தான் கேட்டு வருவார்கள் என்று ஊரில் பேச்சு. அவளுக்கு முடிந்தபின்தான் எனக்கு என்று நானும் முப்பத்திமூன்று வயதில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேலை வடக்கே, ராணுவத்துக்கான ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். ஊரில் "இரும்பு ஆபீஸ்" என்பார்கள். அதற்குமேல் நானும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. நான் சேர்ந்தபோது என்னைப் பற்றி விசாரிக்க மஃப்டியில் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் வந்து கல்யாணமாகாத ஒருவனைப் பற்றிக் கேட்டால் அது பெண் வீடு என்றுதான் அர்த்தம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று கற்றவர்கள் அல்லவா, டீக்கடைக்காரர் எனக்கு இல்லாத அஞ்சு ஏக்கர் நஞ்சையைச் சேர்த்துச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுக்காரர், "தங்கமான பையன், வாயத் தொறந்து ஒரு வார்த்தை அதிகமாப் பேச மாட்டாக" என்று சொல்லியிருக்கிறார். சொத்தை ஏன் மறைத்தாய் என்று மேலிடத்தில் கேட்டார்கள். இல்லாத நிலம் இல்லை என்று தாசில்தாரிடம் சான்று வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். அதிலிருந்து யாரையாவது யாராவது பாராட்டினாலே சந்தேகப்படத் தொடங்கிவிடுவேன்.

அந்த லீவுக்குப் பெட்டியில் துணியைவிடக் காகிதம் அதிகமாக வந்தது. எல்லாம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அச்சான கட்டுரைகளின் நகல்கள், அவற்றில் ரகசியம் எதுவும் கிடையாது. ரகசியம் என் தலையிலும் ஒரு நோட்டிலும் இருந்தது.

என் வேலை இதுதான். டாங்கியின் கவசத் தகட்டில் குண்டு அதிவேகமாக வந்து மோதினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு தகட்டையும் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் தகடும் தீர்ந்துபோகும், வருஷமும் தீர்ந்துபோகும். அதனால் தகட்டைப் படத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் நொடியின் மிகச் சிறிய பங்கில் எவ்வளவு நசுங்குகிறது, எங்கே நகர்கிறது என்று கம்ப்யூட்டரைக் கணக்கிடச் சொல்வோம். ஆனால் கம்ப்யூட்டருக்கு இரும்பு என்றால் என்னவென்று தெரியாது. அதை நாம்தான் எண்களாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஐந்து எண்கள். எவ்வளவு அழுத்தினால் உலோகம் இளக ஆரம்பிக்கும் என்பது முதலாவது. நசுங்க நசுங்க அது எப்படி இறுகுகிறது என்பதற்கு இரண்டு. மெதுவாக அடிப்பதைவிட வேகமாக அடித்தால் எவ்வளவு கூடுதலாக எதிர்க்கும் என்பது நாலாவது. சூடானால் எவ்வளவு வலுவிழக்கும் என்பது ஐந்தாவது. இதில் ஒன்று பிசகினாலும் கம்ப்யூட்டர் முகம் சுளிக்காது. தப்பான விடையைப் பத்து தசமம் வரை சுத்தமாக அச்சடித்துக் கொடுக்கும்.

சண்டை அந்த நாலாவது எண்ணில். அது பெரிதாக இருந்தால் மெல்லிய தகடே போதும் என்று கணக்கு சொல்லும். வண்டியின் எடை குறையும், மேலே இருப்பவர்கள் மகிழ்வார்கள். எங்கள் பிரிவுத் தலைவருக்கு மேலே இருப்பவர்களை மகிழ்விப்பதில் ஆசை. நாலு கட்டுரைகளைக் கையில் கொடுத்து, "நாலிலும் ஒரே எண்தான் இருக்கிறது, இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? லீவு முடிந்து வரும்போது ஐந்தையும் முடிவு பண்ணிக்கொண்டு வா, கையெழுத்து உன்னுடையது" என்று அனுப்பினார். எண் அவருடையது, கையெழுத்து மட்டும் என்னுடையதாம். அப்போதே எனக்கு உறுத்தியது.

முதலில் கோம்பைக்குப் போனேன். வரன் விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சொந்தக்காரனிடம் கேட்கக் கூடாது, கூட்டாளியிடமும் கேட்கக் கூடாது. டீக்கடை, சைக்கிள் கடை, சலவைக்காரர், கடைசியாக அந்த வீட்டோடு வரப்புத் தகராறு உள்ளவர். தகராறுக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. பல நாள் விரோதம் மனதில் இருப்பதால் அவர் எதையும் மறைக்க மாட்டார்.

டீக்கடையில், "ராணுவத்துல டாங்கி ஓட்டுறாக. லீவுக்கு வந்தா அவுக ஆத்தாவுக்குத் தண்ணி தூக்கிக் குடுப்பாக. ஒரு பீடி குடிச்சுப் பாத்ததில்ல" என்றார்கள். சைக்கிள் கடையிலும் டாங்கி, ஆத்தாவுக்குத் தண்ணீர், பீடி. சலவைக்காரரும் அதே வரிசையில் அதையே சொன்னார். இவராவது ஒரு குறை சொல்வார் என்ற நம்பிக்கையோடு தகராறுக்காரரைத் தேடிப் போனேன். தோட்டத்தில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். "அங்கன அவுக ஆத்தாவுக்குத் தண்ணி தூக்குறது அந்தப் பையந்தான்" என்று ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரோதியே புகழ்ந்தால் இதில் வேறு யாருடைய கையோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் கட்டுரைகளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலிலும் நாலாவது எண் கடைசித் தசமம்வரை ஒன்றாக இருந்தது. நாலு நாட்டில், நாலு விதமான இயந்திரத்தில் சோதித்தவர்களுக்குக் கடைசித் தசமம் எப்படி ஒத்துப்போகும்? அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நாலாவது கட்டுரை மூன்றாவதிலிருந்து எடுத்திருந்தது. மூன்றாவது இரண்டாவதிலிருந்து. இரண்டாவது முதலாவதிலிருந்து. முதலாவது ஆள் மட்டும்தான் நிஜமாகச் சோதித்திருக்கிறார், அதுவும் நம் தகட்டை அல்ல. வேறு ஜாதி எஃகில் செய்த விரல்கனக் கம்பியை. நாலு சாட்சி என்று சொன்னார்களே, ஒரே சாட்சி நாலு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் கூடத்திலேயே நம் தகட்டிலிருந்து வெட்டிச் சோதித்த துண்டுகளின் முடிவுகள் எனக்கு மனப்பாடம். அவற்றை வைத்து நாலாவது எண்ணைக் குறைத்தேன். தகடு கனமானது. தலைவர் குதிப்பார், குதிக்கட்டும். அந்தச் சூட்டிலேயே கோம்பைக் கணக்கையும் முடித்தேன். அங்கேயும் யாரோ ஒருத்தன் சொல்லிக் கொடுத்ததைத்தான் நாலு பேரும் ஒப்பித்திருக்கிறார்கள்.

எண்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் படிவத்தில் ஆறாவதாக ஒரு கட்டமும் உண்டு. உலோகத்தை இழுத்தால் எப்போது பிய்யும் என்பதற்கானது. அதை நிரப்பாமல் விட்டால் புரோகிராமே ஒரு பெரிய எண்ணைப் போட்டுக்கொள்ளும், அதாவது பிய்யவே பிய்யாது என்று எடுத்துக்கொள்ளும். குண்டு தகட்டை அழுத்தத்தானே போகிறது, யார் இழுக்கப் போகிறார்கள்? எல்லாரும் காலியாக விட்டதுபோல் நானும் விட்டேன். அந்த எண்ணை எவரும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை, அதனால் அதன்மேல் சந்தேகமும் வரவில்லை.

காப்பி கொண்டுவந்த தங்கச்சி நோட்டில் இருந்த படத்தைப் பார்த்து, "என்னண்ணே இது, தகட்டுல ஏதோ குத்துற மாதிரி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, போ" என்று நோட்டை மூடினேன்.

அந்த வெள்ளிக்கிழமை சின்னமனூரில் கோயிலில் வைத்துப் பெண் பார்க்கும் ஏற்பாடு. மாப்பிள்ளையும் லீவில் வந்திருந்தார். கறுப்பு, ஒட்ட வெட்டிய முடி, உட்கார்ந்தாலும் முதுகு வளையாத ஆள். பிரகாரத்தில் தங்கச்சியும் அவரும் பேச இரண்டு நிமிஷம் கொடுத்தோம். நான் தூண் ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் நான் முன்பு பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் என்ன தெரிந்துவிடும்?

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். பிறகு, "சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க தகட்டுக்கெல்லாம் கணக்குப் போடுறதாக் கேள்விப்பட்டேன்" என்றார்.

என் கால் நின்றுவிட்டது. நான் என்ன செய்கிறேன் என்று அப்பாவுக்கே தெரியாது.

அவர் அதைக் கவனிக்காமல் தொடர்ந்தார். "குண்டு தகட்டைத் தொளைக்காம நின்னுருச்சுன்னா ஒங்க கணக்குல தகடு பாஸ். அந்தப் பக்கம், உள்பக்கம் என்ன ஆகுதுன்னும் பாப்பீகளா?"

"எதுக்குக் கேக்கிறீக?"

"உள்ள உக்காந்திருக்கவன் கேக்காம வேற யாரு கேப்பா, சார். ரேஞ்சுல பழைய வண்டிய நிறுத்திச் சுடுவாக. முடிஞ்சப்புறம் உள்ள போய்க் கூட்டி அள்ளுறது எங்க வேலை. தகட்டுல ஓட்டை இருக்காது. ஆனா டிரைவர் சீட்டெல்லாம் இரும்புச் சில்லாக் கெடக்கும். சுவத்துல இந்தப் பக்கம் ஓங்கி அடிச்சா அந்தப் பக்கம் காரை உதிரும்ல, அதே மாதிரிதான்."

அவர் சொன்னது எதுவும் அப்போது என் மூளைக்குள் இறங்கவில்லை. மூளை முழுக்க ஒரே கேள்விதான் இருந்தது. "ஒங்களுக்கு இத யாரு சொன்னா?" என்றேன்.

அவர் தயங்கினார். பின்னால் வந்துகொண்டிருந்த பெண்கள் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிரித்தார். "சும்மா கேள்விப்பட்டதுதான், மச்சான்."

பாக்கு வெற்றிலை மாற்றவில்லை, அதற்குள் மச்சானாம். மடியில் கனமில்லாதவன் எதற்கு மழுப்ப வேண்டும்? என் வேலையைப் பற்றி யாராவது துருவிக் கேட்டால் உடனே ஆபீசுக்கு எழுத வேண்டும் என்று எங்களுக்கு விதி. நாலு பேர் ஒரே பாட்டைப் பாடியதும், தானாகத் தேடி வந்த இந்த வரனும், இந்தக் கேள்வியும் என் மனதில் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்திவிட்டன. பெண்ணுக்காக வந்தவன் அல்ல, என் நோட்டுக்காக வந்தவன். ஆபீசுக்கு எழுதவில்லை, அந்த அளவுக்கு ஈரம் இருந்தது. கோம்பைக்கு மட்டும் எழுதினேன், சரிப்பட்டு வராது என்று ஒரே வரி.

அப்பா கேட்டார். "விசாரிச்சதுல திருப்தி இல்ல" என்றேன். "காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாத்தான் இருக்கும், ஏலே" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனார்.

தங்கச்சி ஒரே ஒரு முறை கேட்டாள். "என்ன குறைண்ணே அவுககிட்ட?"

"அது சொல்லக்கூடாத விசயம்."

"எனக்கு வந்த வரன். எனக்கும் சொல்லக்கூடாதா?"

"ஒனக்குந்தான்."

மறுநாள் வழக்கம்போல் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

நான் வடக்கே திரும்பினேன். நான் எதிர்பார்த்ததுபோலவே தலைவர் குதித்தார். அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டியதும் அடங்கினார். என் எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, அந்தக் கனத்தில் தகடு செய்து, கார்த்திகை வாக்கில் சோதனைக்கு நிறுத்தினார்கள். சுட்டார்கள். புகை அடங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தோம். குண்டு துளைக்கவில்லை. பள்ளத்தின் ஆழம் நான் அச்சடித்துக் காட்டிய ஆழத்திலிருந்து ஒரு நகக்கண் அளவுகூட விலகவில்லை. தலைவர் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். நான் மிதந்துகொண்டிருந்தேன், பொய் சொல்வானேன்.

பிறகு தகட்டின் பின்பக்கம் போனோம். வண்டிக்குள் ஆள் உட்காரும் தூரத்தில் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை நிறுத்திவைத்திருந்தோம். அது சல்லடையாகியிருந்தது. கவசத்தின் உள்முகத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பத்தை பேர்ந்து, சில்லு சில்லாகத் தெறித்து, தரையெல்லாம் கிடந்தது. குனிந்து ஒன்றை எடுத்தேன். இன்னும் சுட்டது.

அந்தப் பக்கம் காரை உதிரும்ல என்ற குரல் காதில் அப்படியே கேட்டது. என்ன நடந்திருக்கிறது என்று புரிய ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை. அடியின் அதிர்வு தகட்டுக்குள் ஓடி, பின்முகத்தில் முட்டித் திரும்பும்போது அழுத்தம் இழுப்பாக மாறுகிறது. அழுத்தினால் தாங்கும் எஃகு இழுத்தால் பிய்கிறது. நான் காலியாக விட்ட ஆறாவது கட்டம் அதுதான். ஐந்து எண்களைத் தோலுரித்துப் பார்த்த எனக்கு, ஆளைக் கொல்லும் எண் எது என்று ஒரு டிரைவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சொல்லியிருக்கிறார். நான் அவரைக் களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

ஆறாவது எண்ணைச் சோதித்து நிரப்பினோம். உள்பக்கத்துக்கு ஒரு தடித்த பாய்போன்ற உறை கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். "இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது?" என்று தலைவர் கேட்டார். "தோன்றியது" என்றேன். அதற்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த மறுநாளே கோம்பைக்குப் போனேன். காலில் விழச் சொன்னால் விழுவது என்ற முடிவோடுதான் போனேன். டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஐப்பசியிலயே கல்யாணம் முடிஞ்சிருச்சு. பக்கத்து ஊரு தேவாரத்துப் பொண்ணு. கூடவே கூட்டிட்டுப் போயிட்டாக" என்றார். திரும்பிவர மனம் வராமல் அந்த வரப்புத் தகராறுக்காரரைப் பார்க்கப் போனேன். "அன்னைக்கு அந்தப் பையனப் பத்தி அப்படிப் பேசுனீகளே, யாராச்சும் சொல்லச் சொன்னாகளா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தகராறு அவுக அப்பன்கூட. பையன் நல்லவன்னா நல்லவன்னுதானே சொல்லணும். வேற என்னத்தச் சொல்லச் சொல்றீக?"

நாலு பேரும் ஒன்றையே சொன்னதற்கு அதுதான் நிஜம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பஸ்ஸில் வரும்போதுதான் அது எனக்கு உறைத்தது. தகட்டைச் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த மாப்பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்தது நாலு பேரின் சொல் மட்டும்தான், அதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பந்தலடியில் தங்கச்சி பறித்த பழத்தைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விதியாவது ரகசியமாவது. கணக்கு, காலியாக விட்ட கட்டம், சல்லடையான தகடு, அவர் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். "கேள்வி தப்பில்ல. ஆனா என் வேலை அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? யாரு சொன்னான்னு கேட்டேன், மழுப்பிட்டாரு. அதுலதான் எனக்குச் சந்தேகம். அது இன்னைக்கும் புரியல" என்றேன்.

கொத்தை நிமிர்த்திக் கெட்டுப்போன பழம் இரண்டைக் கிள்ளிப் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தாண்ணே சொன்னேன். ஒங்க நோட்டுல தகட்டுப் படம் பாத்தேன்ல. கோயில்ல ரெண்டு நிமிசம் பேச விட்டீகல்ல, அப்ப. எங்கண்ணன் யாருகிட்டயும் பேச மாட்டாக, எல்லாத்துலயும் சந்தேகம், தகட்டப் பத்தி எதாச்சும் கேளுங்க, அதுன்னாப் பேசுவாக, ஒங்கள அவுகளுக்குப் புடிச்சுப்போகும்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு வந்த வரன் எதையும் விசாரிக்க அவள் என்னை விடவில்லை. எதற்கும் சரி என்று சொல்லவும் இல்லை.